மாண்டலே கணக்கில் ஓடும் கலோ ஜீப்

கேள்வி: ஐயா, எங்களிடம் இருப்பது தாத்தா வாங்கிய யுத்த காலத்து ஜீப். மியன்மாரின் மலையூரான இந்தக் கலோவிலிருந்து பக்கத்து ஊர் ஆங்பான் சந்தைக்கு இஞ்சியும் முட்டைக்கோஸும் ஏற்றிப்போகிறேன். ஒரு நடைக்கு 300 வீசை, அதாவது 490 கிலோ போல இருக்கும். மாதத்தில் இரண்டு மூன்று தடவை மெய்க்தீலாவுக்கும் இறங்கி ஏறுவேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் மாண்டலேயில் ஒரு பட்டறையில் பழைய பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, ஜப்பானிலிருந்து வந்த டொயோட்டா 2எல் டீசல் எஞ்சினை அதன் ஐந்து கியர் பெட்டியோடு பொருத்தினோம். டயரும் 6.00-16 போய் 7.00-16 வந்தது. டீசல் நிறைய மிச்சமாகும் என்றார்கள். கடைசியாகப் பார்த்தபோது 30 லிட்டருக்கு மீட்டரில் 105 மைல்தான் ஓடியிருந்தது. கைபேசியில் கணக்குப் போட்டால் கேலனுக்கு 13 மைல். எஞ்சின் சூடாவதே இல்லை, வெப்ப முள் அடியிலேயே கிடக்கிறது. அந்த வகையில் நிம்மதி. மேட்டில் கரும்புகை தள்ளுகிறது. டேங்க் நிரப்பிய நாளில் என் இருக்கையைச் சுற்றி டீசல் வாடை. டீசல் வண்டி என்றால் அப்படித்தான் என்கிறார்கள். ஆக்சிலில் சக்கரத்துக்குச் சுற்றைக் கடத்தும் பல்சக்கர ஜோடியை, கிரவுன் பினியனை, மாற்றச் சொல்கிறார் ஒருவர். டீசல் எஞ்சினை விற்றுவிட்டுப் பெட்ரோலுக்கே திரும்பச் சொல்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது?
– பெயர் வேண்டாம், கலோ

பதில்: தம்பி, இரண்டு பேர் சொன்னதையும் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். கிரவுன் பினியனுக்கு எடுத்துவைத்த பணம் பெட்டியிலேயே இருக்கட்டும். உங்கள் கடிதத்தில் நீங்கள் குறையாகச் சொன்ன 13 மைல் அவ்வளவு மோசமில்லை. நிம்மதி என்று எழுதிய வெப்ப முள்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

முதலில் அந்த 13-ஐப் பார்ப்போம். கைபேசியில் லிட்டரைக் கேலனாக மாற்றச் சொன்னால் பெரும்பாலும் அது அமெரிக்க கேலனைத்தான் எடுத்துக்கொள்ளும். அது 3.785 லிட்டர். நம் நாட்டில் தாத்தா காலத்திலிருந்து பேசிவருவது இங்கிலீஷ் கேலன், 4.546 லிட்டர். நீங்கள் போட்ட 30 லிட்டர் கைபேசிக்கு 7.9 கேலன், நமக்கு 6.6 கேலன்தான். இது முதல் தவறு. இரண்டாவது, டயர். ஜீப்போடு வந்த 6.00-16 டயரின் உயரம் ஏறத்தாழ 730 மில்லிமீட்டர், இப்போது போட்டிருக்கும் 7.00-16 ஏறத்தாழ 778. சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றுக்கு வண்டி கூடுதல் தூரம் போகும். மீட்டர் கேபிளோ டிரான்ஸ்பர் கேஸிலிருந்து, அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துத் தரும் பெட்டியிலிருந்து வருகிறது. அதற்குச் சுற்றுதான் தெரியும், டயர் மாறியது தெரியாது. ஆகவே மீட்டர் 105 காட்டியபோது வண்டி உண்மையில் ஓடியது 112 மைலுக்குப் பக்கம். 112-ஐ 6.6-ஆல் வகுத்துப் பாருங்கள். 17 வருகிறது.

எந்த ஸ்பேனரையும் தொடாமல் நான்கு மைல் கிடைத்துவிட்டது. இதைச் சொன்னால் பட்டறையில் சிலர் சிரிப்பார்கள். ஆனால் தவறான எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு எஞ்சினைப் பிரித்தவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். கோட்டாப் புத்தகத்தோடு அரசாங்கப் பங்க்கில் வரிசையில் நின்ற காலத்தில் ஒவ்வொருவருக்கும் தன் வண்டியின் கணக்கு சொட்டு வரை தெரியும். இப்போது பம்பில் லிட்டர், வாயில் கேலன், ரோட்டில் மைல், ஜப்பான் மீட்டரில் கிலோமீட்டர். குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நான் சொன்ன டயர் கணக்கையும் அப்படியே நம்ப வேண்டாம். தேய்ந்த டயர் சிறிது குட்டையாக இருக்கும். ரோட்டோர மைல் கற்களை வைத்து நீங்களே சரிபாருங்கள். மெய்க்தீலாப் பக்கம் சமதரையில் பத்து மைல் கல் கடக்கும்போது மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்து எழுதிவைத்துக்கொண்டால், அதுதான் உங்கள் வண்டியின் சொந்தக் கணக்கு. டீசல் நிரப்பும்போது ஒரே பங்க், ஒரே சமதரை. யுத்த ஜீப்பின் டேங்க் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் தட்டையாகக் கிடப்பது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றாலே ஒன்றிரண்டு லிட்டர் கூடும், குறையும். கலோவில் சமமாக நிற்க ஓர் இடம் தேடுவதுதான் இதில் பெரிய வேலை.

சரி, 17 என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் எஞ்சினுக்கு, உங்கள் ரோட்டில், மூட்டையோடு 20, 22 மைல் எதிர்பார்ப்பது பேராசை இல்லை. மீதி எங்கே போகிறது?

ஒரு பங்கு உங்கள் இருக்கைக்கு அடியில் போகிறது. டீசல் வண்டி என்றால் வாடை வரும் என்று சொன்னவர் தன் வண்டியை எப்படி வைத்திருக்கிறாரோ தெரியவில்லை. ஒழுங்காக இருக்கும் டீசல் வண்டிக்குள் டீசல் வாடை வராது. பெட்ரோல் ஜீப்பின் டேங்கில் எரிபொருள் வெளியே போக ஒரே ஒரு குழாய்தான் உண்டு. கார்புரேட்டருக்கு அது போதும். டீசல் பம்ப் அப்படி இல்லை. தேவைக்கு மேல் இழுத்து, பம்புக்குள் சுற்றவிட்டு, மிச்சத்தைத் திருப்பி அனுப்பும். டீசலைச் சிலிண்டருக்குள் பீச்சும் நாசில்களில் கசிவதும் அதே வழியில் திரும்பும். அந்தத் திரும்புகுழாய்க்கு உங்கள் டேங்கில் பிறவியிலேயே இடம் கிடையாது. எஞ்சின் மாற்றிய பட்டறையில் டேங்கின் மேல்தகட்டில் ஓர் ஓட்டை போட்டு, ரப்பர் குழாயைச் சொருகி, ஏதோ ஒரு பசையை அப்பியிருப்பார்கள். டேங்க் பாதி இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. நிரப்பிவிட்டு மேடேறினால் டீசல் பின்பக்கம் சரிந்து அந்த ஓட்டையை எட்டும். நிரப்பிய நாளில் மட்டும் வாடை வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால்தான் சொல்கிறேன்.

இருக்கை மெத்தையைத் தூக்கிவிட்டு, டேங்கின் மேல்பக்கத்தைத் துணியால் நன்றாகத் துடைத்து, கோலமாவை மெல்லிதாகத் தூவிவிடுங்கள். டேங்க் நிறைய ஒரு மேடு ஏறிவிட்டுத் திறந்து பார்த்தால் மாவு எங்கே நனைந்திருக்கிறதோ அங்கேதான் ஒழுக்கு. விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் கேட்பதற்கு ஒன்றுமில்லை போல இருக்கும்; மணிக்கு 180 மில்லிலிட்டர் போய்விடும். டேங்கைக் கழற்றி, நன்றாகக் கழுவி ஆவி போக்கிய பிறகு, பித்தளைக் குழாய் வைத்து ஈயப்பற்றுப் போடச் சொல்லுங்கள். பல ஆண்டுகள் பெட்ரோல் இருந்த டேங்க் அது. கழுவாமல் நெருப்புக் காட்ட யாரையும் அனுமதிக்காதீர்கள்.

இனி அந்த வெப்ப முள்.

அது அடியிலேயே கிடக்கிறது என்றால் ஒன்று மீட்டர் வேலை செய்யவில்லை, இல்லையென்றால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள். என் பந்தயம் இரண்டாவதன் மேல். மாண்டலேயில் சித்திரை வெயிலில் வண்டி சூடானால் அங்கே முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏறுவது தெர்மோஸ்டாட்தான். நான் சிறுவனாக ஸ்பேனர் கழுவிக்கொண்டிருந்த நாளில் என் முதலாளியும் அதைத்தான் செய்வார். கழற்றிய தெர்மோஸ்டாட்டுகள் ஒரு பால் டப்பா நிறையக் கிடக்கும். நானும் பல ஆண்டுகள் அதையே செய்தேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

தெர்மோஸ்டாட் என்பது தண்ணீர் பாதையில் இருக்கும் ஒரு கதவு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்வரை ரேடியேட்டர் பக்கம் மூடியிருக்கும். 82 பாகை போல ஆனதும் திறக்கும். கதவே இல்லையென்றால் சாவி போட்ட நிமிடத்திலிருந்தே எல்லாத் தண்ணீரும் ரேடியேட்டரைச் சுற்றிவருகிறது. மாண்டலேயில் இது எப்படியோ ஓடிவிடும். கலோ 4,300 அடி உயரம். மார்கழியில் விடிகாலை ஐந்தாறு பாகைக்கு இறங்குகிற ஊர். அங்கிருந்து ஆங்பான் ஆறேழு மைல். உங்கள் எஞ்சின் சூடேறத் தொடங்கும்போது சந்தை வந்துவிடுகிறது. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை 22 மடங்குக்கு மேல் அமுக்கி அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. சிலிண்டர் சுவர் குளிர்ந்திருந்தால் அந்தச் சூட்டைச் சுவர் தின்றுவிடும். டீசல் தாமதமாகப் பற்றும், பாதி வேகாமல் வெளியே போகும், கொஞ்சம் சுவரில் வழிந்து கீழே எண்ணெயில் கலக்கும். எண்ணெயும் கெட்டியாகவே இருக்கும். செலவு ஏறுவது ஒரு பக்கம். பிஸ்டன் வளையங்கள் சீக்கிரம் தேய்வது இன்னொரு பக்கம்.

சோதிக்கக் காசு வேண்டாம். காலையில் எஞ்சினை ஓடவிட்டு, ரேடியேட்டரின் மேல் ரப்பர் குழாயைக் கையால் பிடித்துப் பாருங்கள், விசிறியிலிருந்து கையைத் தள்ளி வைத்துக்கொண்டு. தெர்மோஸ்டாட் இருந்தால் அந்தக் குழாய் வெகுநேரம் சில்லென்று இருந்து, பிறகு திடீரென்று கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். முதல் நிமிடத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பானால் உள்ளே கதவு இல்லை. புதிது வாங்கினால் பொருத்துவதற்கு முன் ஒரு சட்டித் தண்ணீரில் போட்டு அடுப்பில் வையுங்கள். கொதி வருவதற்கு முன் வாய் திறக்க வேண்டும். எடுத்து ஆறவைத்தால் மூட வேண்டும். அடுப்பில் திறக்காததை வண்டியில் போடாதீர்கள்.

தெர்மோஸ்டாட் போட்ட பிறகு மேட்டில் வண்டி சூடானால் பயந்துபோய்த் திரும்பக் கழற்றிவிடக் கூடாது. சூடாவதற்கு அசல் காரணம் வேறு. அந்த ரேடியேட்டர் 60 குதிரைச் சக்திப் பெட்ரோல் எஞ்சினுக்குச் செய்தது. எஞ்சின் மாறியதும் விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இடைவெளி விழுந்திருக்கும். விசிறி ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டு சும்மா சுற்றும். தகட்டை வளைத்து விசிறியைச் சுற்றி ஒரு கூண்டு அடித்துவிட்டால் பாதிச் சூடு அடங்கும். ரேடியேட்டரின் உள்குழாய்களை அடைப்பெடுப்பதும் வேண்டும். வெப்ப மீட்டரும் உண்மை பேசுகிறதா என்று பார்த்துவிடுங்கள்; எஞ்சின் ஜப்பானுடையது, மீட்டர் வேறு ஏதோ வண்டியுடையது என்றால் சென்சாரும் முள்ளும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளாது.

கரும்புகைக்கு வருகிறேன். கரும்புகை என்றால் காற்றுக்கு மிஞ்சிய டீசல். இதிலும் மாண்டலேதான். அந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து அதிக உயரமில்லை. கலோ உயரத்தில் காற்றில் எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடும். காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் அந்தக் குறைந்த காற்றைத்தான் இழுக்க முடியும்; பம்போ மாண்டலேயில் வைத்த அளவையே ஊற்றிக்கொண்டிருக்கும். போதாததற்கு, எஞ்சின் மாற்றிய கையோடு ‘இழுவை போதவில்லை’ என்று யாராவது சொல்லியிருந்தால் பம்பின் பின்பக்கத் திருகை இன்னும் கால் சுற்று உள்ளே முறுக்கியிருப்பார்கள். அந்தத் திருகில் கம்பெனி வைத்த சீல் இருக்கிறதா, பூட்டு நட்டில் ஸ்பேனர் கடித்த தழும்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தழும்பு இருந்தால் கதை புரிந்துவிடும்.

ஆனால் முதலில் கை வைக்க வேண்டியது காற்று வடிகட்டியில். பழைய எண்ணெய்த் தொட்டி வடிகட்டியையே வைத்திருந்தால் தொட்டியில் குறிக்கு மேல் எண்ணெய் ஊற்றியிருக்கிறார்களா, சேறு படிந்திருக்கிறதா, எஞ்சினுக்குப் போகும் குழாய் வளைவில் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பெட்ரோல் எஞ்சின் மெதுவாகப் போகும்போது கொஞ்சக் காற்றுதான் குடிக்கும். டீசல் எஞ்சினுக்கு அந்த அடக்கம் கிடையாது. ஆக்சிலரேட்டரைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் முழு மூச்சு இழுக்கும். வடிகட்டி சுத்தமாகியும் புகை குறையவில்லை என்றால் நாசில்களைக் கழற்றி அழுத்தச் சோதனைக்குக் கொடுங்கள். அதற்கும் பிறகுதான் பம்ப் திருகு. இதை நீங்களே செய்ய வேண்டாம். டீசல் பம்ப் வேலை மட்டும் செய்கிறவரிடம் கொடுங்கள். திருகு இப்போது நிற்கும் இடத்தில் வண்ணம் தொட்டு அடையாளம் வைத்துவிட்டு, அரைக்கால் சுற்று வெளியே எடுக்கச் சொல்லுங்கள். அதோடு ஐடிலிங்கும், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் எஞ்சின் ஓடும் வேகமும் இறங்கும். அதைத் தனியாகச் சரிசெய்ய வேண்டும். கலோ மேட்டில் மூட்டையோடு ஏறும்போது பின்னால் வருகிறவருக்கு மெல்லிய புகைக்கோடு தெரிந்தால் போதும். மேகம் தெரியக் கூடாது. இழுவை சிறிது குறையும். மெய்க்தீலாவிலிருந்து ஏறும்போது ஒரு கியர் முன்னதாக இறக்கினால் அது உங்களுக்குத் தெரியாது.

பம்ப் வரை போகும்போது, வால்வையும் பம்பையும் எஞ்சினோடு நேரம் தவறாமல் சுற்றவைக்கும் டைமிங் பெல்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த எஞ்சினில் அது ரப்பர் பெல்ட், ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டியது. ஜப்பானிலிருந்து வந்த எஞ்சின் எவ்வளவு ஓடியது என்று யாருக்குத் தெரியும்? பொருத்தும்போது மாற்றியதாக ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தாலும் டீசல் நேரம் தவறி விழும், செலவு ஏறும். அறுந்துபோனால் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும்; பிறகு கேலன் கணக்கே தேவைப்படாது.

மூட்டை விஷயத்தைச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? அந்த ஜீப்புக்கு அமெரிக்க ராணுவம் வைத்த பெயர் ‘கால் டன் டிரக்’. கால் டன் என்றால் 500 ராத்தல் (பவுண்டு), நம் வீசையில் 140-க்கு ஒன்று குறைவு. நீங்கள் ஏற்றுவது 300. (தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவினர் யாரும் இதைப் படித்துக் குழம்ப வேண்டாம், அவர்களுடைய பழைய வீசை 1.4 கிலோ, நம்முடையது 1.63.) பிழைப்பு அப்படி, எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு மடங்கு சுமையை மேட்டில் இழுத்துக்கொண்டு கேலன் கணக்கு கேட்டால் வண்டி பாவம். காற்றழுத்தம் குறைந்த டயர், விடாமல் உரசும் பிரேக் இரண்டும் இந்தச் சுமையில் பெரிதாகத் தெரியும். ஆங்பான் போய் இறங்கியதும் நான்கு டிரம்மையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அந்தச் சக்கரம் டீசல் தின்கிறது. முன்சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கும் லிவரைத் தார் ரோட்டில் மறந்தும் மாட்டி வைக்காதீர்கள்.

இனி அந்த இரண்டு யோசனைகள். கிரவுன் பினியன் வேண்டாம். யுத்த ஜீப்பின் ஆக்சில் விகிதம் 4.88, அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற அதற்கு வரும் தண்டு 4.88 சுற்றுச் சுற்ற வேண்டும். சமதரையில் வேகமாக ஓடுகிறவருக்கு அது தாழ்ந்த கியர்தான். மாற்றினால் லாபம் உண்டு. உங்களுக்கோ பெரிய டயர் வந்தபோதே அதில் ஆறேழு சதவீதம் உயர்ந்துவிட்டது, அதற்கு மேல் ஐந்தாவது கியரும் இருக்கிறது. 50 மைல் வேகத்தில் நான்காவது கியரில் எஞ்சின் 2,700 சுற்றுக்குப் பக்கம்தான் போகும். இன்னும் உயர்த்தினால் மேட்டில் மூன்றாவது கியரிலேயே குடியிருப்பீர்கள்.

பெட்ரோலுக்குத் திரும்புவது? தாத்தாவின் எஞ்சின் 2.2 லிட்டர், அமுக்கம் ஆறரை மடங்குகூட இல்லை. 300 வீசையோடு அது உங்களுக்கு 17 மைல் தராது. உணர்ச்சிக்காக என்றால் அது வேறு. பட்டறையிலிருந்து அந்த எஞ்சினை வாங்கி வைத்திருந்தால் எண்ணெய் ஊற்றித் தார்ப்பாயில் சுற்றிப் பத்திரமாக வையுங்கள். யுத்தத்தில் அந்த மாதிரி ஜீப்புகள் ஆறு லட்சத்துக்கு மேல் செய்தார்கள். நம் நாட்டில் விட்டுப்போனவற்றில் சொந்த எஞ்சினோடு இருப்பவற்றை விரல் விட்டு எண்ணலாம். இன்னொன்றும் உண்டு. 1970 டிசம்பரில் நாடு முழுக்க இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் ஓட்டத்துக்கு மாறியபோது மற்ற கார்களெல்லாம் ஸ்டீயரிங் தவறான பக்கத்தில் இருக்கத் திண்டாடின. இடப்பக்க ஸ்டீயரிங்கோடு பிறந்த யுத்த ஜீப்புக்கு மட்டும் அன்றுதான் ரோடு சரியாக வந்தது.

செலவுக்குத் தகுந்த வரிசை இதுதான். இந்த வாரம் டேங்க் ஒழுக்கு. அடுத்தது தெர்மோஸ்டாட், காற்று வடிகட்டி. அவற்றுக்குப் பிறகு மூன்று முறை டேங்க் நிரப்பி, தூரத்தை மைல் கல் கணக்கிலும், லிட்டரை 4.546-ஆல் வகுத்துக் கேலனிலும் எழுதிவையுங்கள். அதற்கு முன்னால் பம்ப் திருகை யாரும் தொட வேண்டாம்; இரண்டையும் ஒன்றாகச் செய்தால் எது பலன் தந்தது என்று கடைசிவரை தெரியாது. மூன்று எண்களையும் எனக்கு எழுதுங்கள். மேல் ரப்பர் குழாய் எத்தனை நிமிடத்தில் சுட்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.